கூனி இருந்த இடத்தில் கண்ணாடி உயிர்! தென்துருவக் கடலில் என்ன நடக்கிறது?

அறந்தாங்கி பக்கம் கருவாட்டுக் கடைக்குப் போனால், நெத்திலிக்கும் வாளைக்கும் நடுவே ஒரு சாக்கில் சென்னாக்கூனி இருக்கும். பொடிப்பொடியாக, வெளிர் சிவப்பில், அள்ளினால் விரலில் ஒட்டிக்கொள்ளும் குட்டி இறால். ஒரு கைப்பிடி எடுத்து மண் போக அலசி, சின்ன வெங்காயத்தோடு வதக்கிக் கத்தரிக்காயில் போட்டால், அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக வடிக்க வேண்டியிருக்கும். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கடல். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் விரிகுடாவின் கரை நெடுக மீன்பிடி ஊர்கள். அந்தக் கடலில் கூனி என்பது மனிதர்களுக்கு மட்டுமான சாப்பாடு அல்ல. எத்தனையோ மீன்களுக்கும் அதுதான் இரை.

அதே கடலில் இன்னொன்றும் உண்டு. சொறி. படித்தவர்கள் ஜெல்லி மீன் என்பார்கள். வலையில் கூட்டமாக ஏறிவிட்டால் வலை கனக்கும், கை அரிக்கும், உள்ளே இருக்கிற நல்ல மீனும் நசுங்கும். வீட்டுக் குழம்புக்கு அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

இப்போது ஒரு கற்பனை. ஒரு வருடம் கூனி வரவே இல்லை. அதற்குப் பதிலாக, பார்க்கச் சொறி மாதிரியே கொழகொழவென்று, கண்ணாடித் துண்டுபோல ஊடுருவித் தெரிகிற ஓர் உயிர் கடல் முழுக்க நிறைந்துவிடுகிறது. மீன்கள் எதைத் தின்னும்? மீனைத் தின்னும் பறவைகள் என்ன ஆகும்?

நம் கடலில் இது வெறும் கற்பனைதான். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் விஞ்ஞானிகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியே இதுதான். அங்கே கூனியின் இடத்தில் இருப்பது கிரில். கண்ணாடி உயிரின் பெயர் சால்ப்.

(தமிழில் 'சால்பு' என்றால் பெருந்தன்மை, மேன்மை. இந்தச் சால்ப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

ஒரே இரையை நம்பி ஒரு கண்டம்

முதலில் கிரில். பார்ப்பதற்கு இறால் ஜாடை, ஆனால் வேறு குடும்பம். நம் கூனியைவிடப் பெரியது. நன்றாக வளர்ந்தால் சுமார் 6 செ.மீ. நீளம், 2 கிராம் எடை. இத்தனூண்டு உயிர் ஐந்தாறு ஆண்டுகள் வாழும். பட்டினிக் காலத்தில் உடம்பையே சுருக்கிக்கொண்டு சமாளிக்கும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் முன்பைவிடச் சின்னதாகிவிடும் வித்தை அதற்குத் தெரியும். தென்பெருங்கடலில் இருக்கும் கிரில் அத்தனையையும் நிறுத்துப் பார்த்தால் 30 கோடி முதல் 50 கோடி டன் வரை இருக்கலாம் என்பது கணக்கு. உலகின் எந்தக் காட்டு விலங்கினத்தை எடுத்துக்கொண்டாலும், மொத்த எடையில் இதை மிஞ்சுவது கடினம்.

அண்டார்க்டிகாவின் சாப்பாட்டுச் சங்கிலி மிகவும் குட்டையானது. சூரிய ஒளியில் வளரும் நுண்பாசியைக் கிரில் தின்கிறது. கிரிலை நீலத் திமிங்கிலம் தின்கிறது. அவ்வளவுதான், இரண்டே படி. அடேலி பெங்குவின், சின்ஸ்ட்ராப் பெங்குவின், கிரிலைச் சலித்துத் தின்பதற்கென்றே பல் அமைந்த சீல், மீன், கணவாய், ஆல்பட்ராஸ் எல்லாமே நேராகவோ சுற்றியோ கிரிலில் போய்த்தான் நிற்கும். ஒரே கடையில் ஊரே கணக்கு வைத்திருப்பது போன்ற நிலைமை. கடை நன்றாக நடக்கும்வரை பிரச்னை இல்லை.

அந்தக் கடையின் முதலீடு, பனி. குளிர்காலத்தில் கடல் உறைந்து பாளம் கட்டும்போது, அந்தப் பாளத்தின் அடிப்பக்கத்தில் பாசி படியும். வெளியே நீரில் ஒன்றும் கிடைக்காத மாதங்களில் கிரில் குஞ்சுகள் தலைகீழாக மேய்ந்து பிழைப்பது அந்தப் பாசியில்தான். பனிப்பாளம் குறைந்தால் குஞ்சுகளின் குளிர்காலம் பட்டினியில் கழியும். அடுத்தடுத்த ஆண்டுகளில் வளர்ந்த கிரிலின் எண்ணிக்கை குறையும்.

2023-ல் அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடல் பனி, செயற்கைக்கோள் கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து காணாத அளவுக்குச் சுருங்கியது. பிப்ரவரியில் வெறும் 17.9 லட்சம் சதுர கி.மீ. வழக்கமாக உச்சத்துக்கு வளரும் செப்டம்பரில்கூட 1 கோடியே 70 லட்சத்தைத் தொடவில்லை.

சொறி அல்ல, சொந்தக்காரன்

சால்ப்பைக் கையில் எடுத்துப் பார்க்கிற எவரும் சொறி என்றே சொல்வார்கள். உடம்பில் சுமார் 95 சதவிகிதம் தண்ணீர். இரு பக்கமும் திறந்த ஒரு கண்ணாடிப் பீப்பாய் மாதிரி உருவம். அதைச் சுற்றிப் பீப்பாய்க்குப் போடும் இரும்புப் பட்டைபோலத் தசை வளையங்கள். தசை இறுகும்போது பின்பக்கம் தண்ணீர் பீறிடும், உடம்பு முன்னே பாயும். சொறி மாதிரி இது கொட்டாது, அரிக்காது.

ஆனால் உடலமைப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்வது ஆச்சரியமானது. சொறி மீன், விலங்குகளின் வம்சாவளியில் நமக்கு எங்கோ தூரத்து உறவு. சால்ப் அப்படி இல்லை. முதுகெலும்புள்ள உயிர்களுக்கு, அதாவது மீனுக்கும் தவளைக்கும் மனிதனுக்கும், முதுகெலும்பில்லாதவற்றில் மிக நெருங்கிய பங்காளிக் குடும்பம் எதுவோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. படகின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் ஒட்டிக்கொண்டு, தொட்டால் தண்ணீர் பீச்சும் சதைப்பை போன்ற உயிர்களைத் தூத்துக்குடிப் பக்கம் பார்க்கலாம். அவையும் இதே குடும்பம்தான். அவற்றின் குஞ்சுகள் தலைப்பிரட்டை போல வாலோடு நீந்தும். அந்த வாலுக்குள் முதுகுத்தண்டின் முன்னோடியான ஒரு நாண் இருக்கும். வளர்ந்ததும் வாலையும் நாணையும் தொலைத்துவிட்டு ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

இந்தக் குடும்பத்தின் இதயத்திலும் ஒரு விசேஷம். கொஞ்ச நேரம் ஒரு திசையில் ரத்தத்தைத் தள்ளும். பிறகு நின்று, எதிர்த்திசையில் தள்ளும். நம் வீட்டு மோட்டார் இப்படிச் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். இதற்கு அதுதான் இயல்பு.

சாப்பிடும் முறையும் நீந்தும் முறையும் சால்ப்புக்கு ஒன்றே. உள்ளே நுழையும் தண்ணீர் ஒரு சளி வலை வழியாகப் போகிறது. சுரந்துகொண்டே இருக்கும் அந்த வலை, பிடிபட்ட இரையோடு சேர்ந்து சுருண்டு வயிற்றுக்குள் போய்விடும். பின்னாலேயே புது வலை தயாராகும். ஒரு மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகளைக்கூட இது பிடிக்கிறது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாக்டீரியா அளவு இரை! கிரிலால் இவ்வளவு பொடியானதைப் பிடிக்க முடியாது. பனி குறைந்து கடல் நீர் மாறும்போது நுண்பாசியும் பெரிய ரகத்திலிருந்து சிறிய ரகத்துக்கு மாறுகிறது என்பார்கள். அப்போது யார் கை ஓங்கும் என்பதை யூகிப்பது கஷ்டமில்லை.

சால்ப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. நீர் மிகவும் கலங்கலாக, துகள் அடர்த்தியாக இருந்தால் அதன் வலை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பட்டினி. ஆழம் குறைந்த, கலங்கலான நம் பாக் விரிகுடா அதற்குச் சுகமான வீடு அல்ல. தெளிந்த ஆழ்கடலே அதன் இடம்.

மகளுக்கு அம்மா ஜாடை இல்லை

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது சால்ப் விஷயத்தில் பலிக்காது. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு கவிஞர்.

அடெல்பர்ட் வான் சமிஸ்ஸோ பிரான்ஸில் பிறந்து, புரட்சிக்குத் தப்பிய குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போனவர். தன் நிழலையே விற்றுவிட்ட ஒரு மனிதனின் கதையை எழுதிப் புகழ் பெற்றார். 1815-ல் 'ரூரிக்' என்ற ரஷ்யக் கப்பல் உலகைச் சுற்றக் கிளம்பியபோது இயற்கை ஆய்வாளராக அதில் ஏறினார். வழியில் கடலில் மிதந்த சால்ப்களை அள்ளிப் பார்த்தவருக்குக் குழப்பம். சில தனித்தனியாக இருந்தன. சில ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட சங்கிலியாக இருந்தன. அதுவரை இவை வேறு வேறு இனம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். தனி உயிரின் வயிற்றில் சங்கிலியும், சங்கிலியில் உள்ள ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு தனி உயிரும் இருப்பதை அவர் பார்த்தார். ஒரே இனம், மாறி மாறி இரண்டு உருவம். மகள் அம்மாவைப் போல இருக்காது, பாட்டியைப் போல இருக்கும்!

1819-ல் அவர் இதை லத்தீனில் சிறு நூலாக வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. கவிஞனின் கற்பனை என்று தள்ளியவர்களும் உண்டு. மூன்று பத்தாண்டு கழித்து, தாமஸ் ஹக்ஸ்லி 'ராட்டில்ஸ்னேக்' கப்பல் பயணத்தில் சால்ப்களை அறுத்துப் பார்த்து 1851-ல் எழுதினார். கவிஞர் சொன்னது சரி என்பது உறுதியானது.

இந்த விசித்திரப் பிள்ளைப்பேறுதான் சால்ப்பின் பெரிய ஆயுதம். தனி சால்ப்புக்கு ஜோடி தேவையில்லை. தன் உடம்பிலிருந்தே மொட்டுவிட்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சங்கிலியாகப் பெற்றுவிடும். சங்கிலியில் பிறந்தவை முதலில் பெண். ஒவ்வொன்றும் ஒரு கருவைச் சுமக்கும். அது பிரசவமானதும் அதே உயிர் ஆணாக மாறிவிடும். நம் இந்தியக் கடல்களிலும் காணப்படும் 'தாலியா' என்ற சின்ன சால்ப், சாதகமான நேரத்தில் ஒரு மணி நேரத்திலேயே 10 சதவிகிதம் வரை நீளும். இரண்டு நாளில் ஒரு தலைமுறையே முடிந்துவிடும்.

அதனால் கடலில் சால்ப் பெருகினால் அது சாதாரணப் பெருக்கம் அல்ல. வட அட்லாண்டிக்கில் ஒரு கூட்டம் சுமார் 1 லட்சம் சதுர கி.மீ. வரை பரவியிருந்ததாக 2006-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். தமிழ்நாட்டின் முக்கால் பங்குப் பரப்பு! 2012 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தில், கடல்நீர் உறிஞ்சும் வழியைச் சால்ப் கூட்டம் அடைத்துக்கொண்டு மின் உற்பத்தியையே நிறுத்த வைத்தது. கல்பாக்கத்தில் சொறி மீன்கள் கொடுத்த தொல்லை நினைவுக்கு வரலாம்.

80 வருடத்து வலைக் கணக்கு

தென்பெருங்கடலில் வாழும் முக்கிய சால்ப்பின் பெயர் 'சால்ப்பா தாம்ப்சோனி'. விரல் நீளத்தைத் தாண்டி வளரும். பனி இல்லாத, பாசி மிதமாக உள்ள, கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் அதற்குப் பிடிக்கும். 'வெதுவெதுப்பு' என்றால் அங்கத்திய கணக்கில். நம்மை இறக்கிவிட்டால் சில நிமிடம்கூடத் தாங்க மாட்டோம்.

1997-ல் அண்டார்க்டிக் தீபகற்பப் பகுதியில் வேலை செய்த ஆய்வாளர்கள் ஒரு கணக்கைக் காட்டினார்கள். பனி அதிகம் இருந்த குளிர்காலங்களுக்குப் பிறகு கிரில் செழித்தது. பனி குறைந்த குளிர்காலங்களுக்குப் பிறகு சால்ப் செழித்தது. 2004-ல் ஆங்கஸ் அட்கின்சனும் அவரது சகாக்களும் இதைப் பெரிதாக்கினார்கள். 1926 முதல் 2003 வரை பல நாட்டுக் கப்பல்கள் வலை போட்டு எடுத்த மாதிரிகளின் குறிப்புகளைத் தோண்டி எடுத்து ஒன்றாக்கினார்கள். கிரில் அதிகம் வாழும் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 1970-களிலிருந்து அதன் அடர்த்தி சரிந்திருக்கிறது, சால்ப் தெற்கு நோக்கிப் பெருகியிருக்கிறது என்பது அவர்களின் முடிவு. உலகம் முழுக்கச் செய்தியானது.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா? இல்லை. 2018-ல் வேறொரு குழு அதே தகவல்களை வேறு முறையில் அலசி, கிரில் குறைந்ததற்கு ஆதாரம் போதாது என்றது. வெவ்வேறு காலத்து வலைகள், வெவ்வேறு ஆழம், வெவ்வேறு பருவம். மாட்டுச் சந்தையில் ஒரு வருடம் காலையிலும் மறு வருடம் மாலையிலும் தலை எண்ணி ஒப்பிட்டால் என்ன வருமோ, அந்தச் சிக்கல். 2019-ல் அட்கின்சன் குழு மறுபடி வந்தது. கிரிலின் இருப்பிடமே வடக்கை விட்டுத் தெற்கே சுருங்கிப் போகிறது, குஞ்சுகள் குறைகின்றன என்றது. வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பனிக்கும் கிரில் குஞ்சுக்கும் உள்ள பந்தத்தைப் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

சால்ப்பும் இஷ்டம்போலத் தெற்கே போய்விட முடியாது. கண்டத்தை ஒட்டிய மிகக் குளிர்ந்த நீரில் அதன் கரு முழுதாக வளராமல் நின்றுவிடுகிறது. போய்ச் சேரும், தின்னும், ஆனால் வம்சம் தழைக்காது. கடல் சூடாகச் சூடாக அந்தத் தடை எங்கே நகர்கிறது என்பதைத்தான் இப்போது கவனிக்கிறார்கள்.

தட்டு நிறையத் தண்ணீர்

கிரில் கொழுப்பும் புரதமும் நிறைந்தது. சால்ப் பெரும்பாலும் உப்புத்தண்ணீர். கறிக்குழம்பு ஊற்றிய தட்டை எடுத்துவிட்டு வெள்ளரிப் பிஞ்சு வைப்பது போலத்தான். வயிறு நிறையும், தெம்பு வராது. குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய பெங்குவினுக்கும், குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய திமிங்கிலத்துக்கும் இது சின்ன விஷயமில்லை.

இதனாலேயே வெகு காலம் சால்ப்பை 'முட்டுச்சந்து' என்றார்கள். பாசியை எல்லாம் தின்றுவிட்டு, தன்னை யாருக்கும் இரையாகத் தராத உயிர் என்று அர்த்தம். அது கொஞ்சம் அநியாயமான பட்டம். மீன்கள், கடலாமைகள், கடற்பறவைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் சால்ப்பைத் தின்பது பதிவாகியிருக்கிறது. கொழகொழ உடம்பு வயிற்றில் சீக்கிரம் கரைந்துவிடுவதால், பழைய ஆய்வாளர்கள் மீனின் குடலை அறுத்துப் பார்த்தபோது கண்ணில் படவே இல்லை. தடயம் இல்லாததால் குற்றம் நடக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள்! செத்து ஆழத்துக்கு இறங்கும் சால்ப் உடல்களும் அடிக்கடலில் வாழ்பவற்றுக்குச் சாப்பாடுதான். ஆனாலும் கிரிலுக்கு நிகர் ஆகாது. சால்ப்பை மட்டும் நம்பி ஒரு நீலத் திமிங்கிலம் குடும்பம் நடத்த முடியாது.

எச்சத்தில் இருக்கிறது எதிர்காலம்

இந்தக் கதையில் அறந்தாங்கிக்காரருக்கும் நேரடியாகச் சம்பந்தமுள்ள இடம் இதுதான். மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் கால் பங்கைக் கடல் விழுங்குகிறது. அதில் சுமார் 40 சதவிகிதம் தென்பெருங்கடலின் பங்கு. நீரில் கரைந்த வாயுவைப் பாசி உணவாக்குகிறது, பாசியைக் கிரிலும் சால்ப்பும் தின்கின்றன, அவற்றின் எச்சம் கீழே இறங்குகிறது. போதுமான ஆழத்துக்குப் போய்விட்டால் அந்தக் கார்பன் நூற்றாண்டுகளுக்கு மேலே வராது. காற்றில் வெப்பம் கூட்டாமல் கடலடியில் கிடக்கும்.

சால்ப்பின் எச்சம் இதில் கில்லாடி. நெருக்கமாக, கனமாக இருக்கும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கும். ஆயிரம் மீட்டரைத் தொட்ட கணக்கும் உண்டு. 'அப்படியானால் சால்ப் பெருகுவது பூமிக்கு நல்லதுதானே?' என்று கேட்கத் தோன்றும். பல ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நியூசிலாந்துக்குக் கிழக்கே 2018-ல் நடந்த ஒரு கப்பல் ஆய்வு, சால்ப் கூட்டம் இருந்த இடங்களில் கார்பன் கீழிறங்குவது பல மடங்கு கூடியிருப்பதைக் காட்டியது.

ஆனால் அண்டார்க்டிக் தீபகற்பத்தில் எடுத்து 2021-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, கதையைத் திருப்பிப் போட்டது. அங்கே சால்ப்கள், கிரிலைப் போல 4 மடங்கு கார்பனை எச்சமாக வெளியேற்றின. ஆனால் 300 மீட்டர் ஆழத்தில் வைத்த பொறிகளில் இரண்டின் பங்கும் சமமாகவே இருந்தது. காரணம், சால்ப்பின் எச்சம் மேல் அடுக்கிலேயே உடைந்து சிதறிவிடுகிறது. 80 சதவிகிதம் அங்கேயே தங்கிவிட்டது. கிரில் எச்சத்திலோ 72 சதவிகிதம் 300 மீட்டரை எட்டியது. கிரில் குறைந்தால் அந்தக் கடல் கார்பனைப் புதைக்கும் திறனும் குறையலாம் என்பது அந்தக் குழுவின் எச்சரிக்கை.

ஒரே உயிர், இரண்டு கடல், இரண்டு விடை. எது சரி என்றால், இரண்டுமே சரியாக இருக்கலாம். அலை, நீரோட்டம், எச்சத்தைக் குதறும் மற்ற சின்ன உயிர்கள் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். இதற்கு நடுவே, சால்ப் எச்சத்திலிருந்து பாசிக்குத் தேவையான இரும்புச்சத்து, கிரில் எச்சத்தைவிட அதிகமாகக் கிடைக்கிறது என்று 2021-லேயே மற்றொரு குழுவும் காட்டியது. தென்பெருங்கடலில் இரும்புக்குத்தான் எப்போதும் பஞ்சம். ஆகவே சால்ப்பை வில்லனாக்குவது சுலபம், நியாயமில்லை. காலி இடம் கிடைத்தது, வந்து உட்கார்ந்தது. இடத்தைக் காலி செய்து கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

ஹோபார்ட் மேஜையில் இந்தியாவின் நாற்காலி

சால்ப் ஆராய்ச்சி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1926-லேயே சீமோர் செவெல் என்ற விலங்கியலாளர், கல்கத்தாவிலிருந்து வந்த இந்திய மியூசியத்தின் ஆய்விதழில் 'இந்தியக் கடல்களின் சால்ப்கள்' பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அப்போது அவர் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநர். 1982 ஜனவரி 9-ல் இந்தியாவின் முதல் குழு அண்டார்க்டிகாவில் கால் வைத்தபோது அதன் தலைவர் எஸ்.இசட்.காசிம். அவர் அடிப்படையில் ஒரு கடல் உயிரியலாளர். 1983-ல் அங்கே போன முதல் இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவரான அதிதி பந்த்தும் கடலின் நுண்பாசியை ஆராய்ந்தவர்தான். 1995-96 பருவத்தில் 'சாகர் சம்பதா' கப்பல் கிரிலைத் தேடியே தென்பெருங்கடலுக்குப் போய்வந்தது. இன்று அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் இந்தியாவுக்கு உண்டு.

கிரிலுக்கு வெப்பம் மட்டும் எதிரி அல்ல, வலையும்தான். பெரிய தொழிற்சாலைக் கப்பல்கள் கிரிலை உறிஞ்சி எடுத்து, எண்ணெயாகவும் மாவாகவும் ஆக்குகின்றன. பிடிப்பதில் நார்வே முதலிடம், அடுத்து சீனா. எண்ணெய், மருந்துக்கடையில் ஒமேகா-3 மாத்திரையாகிறது. மாவு, பண்ணை மீனுக்கும் இறாலுக்கும் தீவனத்தில் சேர்கிறது. அதன் வாசனைக்கு வளர்ப்பு இறால் விரைந்து வந்து தின்னும் என்பதால் உலக இறால் தீவனச் சந்தையில் அதற்குக் கிராக்கி. புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் வனாமி இறால் வளர்ப்பவர்களுக்குத் தீவனத்தின் விலையும் தரமும் எவ்வளவு முக்கியம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

எவ்வளவு பிடிக்கலாம் என்பதை முடிவு செய்வது, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அண்டார்க்டிக் கடல்வாழ் உயிரின வளப் பாதுகாப்பு ஆணையம். இந்தியா 1986 முதல் அதில் உறுப்பு நாடு. அங்கே ஓட்டெடுப்பில் பெரும்பான்மை என்ற பேச்சே இல்லை. எல்லா உறுப்பினர்களும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம். ஒரு நாடு தலையசைக்க மறுத்தால் போதும், பல வருட உழைப்பு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் ஒரு பருவத்துக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் டன் என்பது வரம்பு. மொத்தக் கிரிலோடு ஒப்பிட்டால் இது சொற்பம்தான். பிடிக்கும் இடம்தான் பிரச்னை. பெங்குவினும் திமிங்கிலமும் எங்கே இரை தேடுகின்றனவோ, கப்பலும் அங்கேயே போகிறது. இந்தப் பிடிப்பைப் பல பகுதிகளுக்குப் பிரித்து வைத்திருந்த ஒரு விதி, ஒருமித்த முடிவு கிடைக்காததால் 2024-ல் காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே கப்பல்கள் ஒரே பகுதியில் மொய்த்தன. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில், பருவம் முடிய மாதங்கள் இருக்கும்போதே, வரம்பு எட்டப்பட்டு மீன்பிடிப்பு மூடப்பட்டது. அந்தப் பகுதியில் இப்படி நடந்தது அதுவே முதல்முறை.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாட்களில் மீன் விலை ஏறும், மீனவர் வீடுகளில் கையிருப்பு கரையும். ஆனாலும் அந்தத் தடை எதற்கு என்பது கடலோரத்தில் எல்லோருக்கும் தெரியும். தென்பெருங்கடலிலும் சில பகுதிகளில் வலையே விழக் கூடாது என்று ஒதுக்கும் யோசனை பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது. ராஸ் கடலுக்கு 2016-ல் சம்மதம் கிடைத்தது. கிழக்கு அண்டார்க்டிகா, வெட்டல் கடல் இரண்டும் இன்னும் கிடப்பில் கிடக்கின்றன. இந்த இரண்டு திட்டங்களுக்கும் இணை முன்மொழிபவராகச் சேர்ந்து ஆதரவு தருவதாக 2021 செப்டம்பரில் இந்தியா அறிவித்தது. ஆணையத்தின் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் ஹோபார்ட்டில் கூடுகிறது. அப்போது தெற்கே குளிர்காலம் முடிந்து, பனிப்பாளம் உருகத் தொடங்கியிருக்கும். பாளத்தின் அடியில் குளிர்காலத்தைத் தாண்டிய கிரில் குஞ்சுகள் திறந்த கடலுக்கு இறங்கும் நேரம் அது.